கண்மாய் என்று நினைத்தேன்

நான் பிறந்து வளர்ந்தது பணகுடிக்குத் தெற்கே, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்று தடையில்லாமல் வந்து மோதும் ஒரு சிற்றூர். வடமேற்கே மகேந்திரகிரி, மற்ற பக்கமெல்லாம் செம்மண்ணும் உடைமரமும் பனையும்தான். 1990களின் நடுவில், நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, காற்றாடிகள் வந்தன (எங்கள் பக்கத்தில் காற்றாலை என்று பேச்சில் யாரும் சொல்வதில்லை). 250 கிலோவாட் திறன் கொண்ட அந்தச் சிறிய இயந்திரங்கள் இரும்புச் சட்டக் கோபுரங்களின் மேல் நெருக்கமாக நின்றன. நான்கைந்து ஆண்டுகளில், மலையை முழுதாகப் பார்க்க ஊருக்குள் ஓர் இடமும் இல்லாமல் போயிற்று. ஆனாலும் அவற்றின் அடியில் ஆடுகள் மேய்ந்தன, மழை பெய்தால் உளுந்து விதைத்தார்கள், நாங்கள் கோபுர நிழலில் உட்கார்ந்து நுங்கு தின்றோம். கண் பழகிக்கொண்டதற்கு அதுதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

பழகாத ஒன்றும் உண்டு. பின்னாளில் எங்கள் வீட்டுக்குக் கிழக்கே 2 மெகாவாட் இயந்திரம் ஒன்று எழுந்தது. காலையில் சூரியன் தாழ்வாக இருக்கும் அரைமணி நேரம், அதன் இறகுகளின் நிழல் ஒன்றன்பின் ஒன்றாக முற்றத்தைக் கடந்து சுவரில் ஏறி மறையும். ஆச்சி வற்றல் மிளகாய் காயப்போட்டிருக்கும் சாக்கின்மேல் அந்த நிழல் விழும்போதெல்லாம், பருந்து வந்துவிட்டது என்று கோழி குரல் கொடுக்கும். குஞ்சுகள் ஓடிப்போய் அதன் சிறகுக்குள் ஒடுங்கும். சில நாள்களில் கோழிக்குப் பழகிவிட்டது, ஆச்சிக்குப் பழகவில்லை. அந்த நேரத்தில் வீட்டுக்குப் பின்புறம்தான் உட்காருவார்.

பழைய சிறு இயந்திரங்களுக்குப் பதிலாகப் பெரியவற்றை நிறுவ வழிசெய்யும் கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2024இல் வெளியிட்டது. பல சிறிய இயந்திரங்கள் தந்த மின்சாரத்தை ஒரு பெரிய இயந்திரம் தந்துவிடும் என்பதால், எண்ணிக்கை குறைந்து உயரம் கூடும். தோற்றத்தை மட்டும் வைத்துச் சொன்னால் நான் இதை வரவேற்கிறேன். கூட்டமாக நிற்கும் முப்பதைவிட, வீடுகளிலிருந்து விலகி நிற்கும் மூன்று மேல்.

சூரிய மின் நிலையத்தை நான் முதலில் பார்த்தது கமுதிப் பக்கத்தில். அங்கேதான் அக்காவைக் கட்டிக்கொடுத்திருக்கிறோம். ஒரு சித்திரை மாதம் அத்தானுடன் போய்க்கொண்டிருந்தபோது, கருவேல மரங்களுக்கு அப்பால் நீலமாக, அடிவானம்வரை விரிந்து, வெயிலில் மின்னிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "என்னத்தான், கோடையிலே கண்மாய் பெருகிக் கிடக்கு?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "எல்லாரும் மொதல்ல அப்படித்தான் நெனைப்பாக மாப்ள. அது தண்ணி இல்ல, சோலாரு" என்றார். 2016இல் திறக்கப்பட்டபோது ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப்பெரிய சூரிய மின் நிலையங்களுள் ஒன்று அது: 648 மெகாவாட், ஏறத்தாழ 2,500 ஏக்கர், 25 லட்சம் தகடுகள். தண்ணீருக்காக வானத்தைப் பார்த்தே வாழும் சீமையில் தண்ணீர்போல் ஒன்று தெரிந்து, அது தண்ணீர் இல்லை என்று அறிந்த அந்தக் கணத்தின் ஏமாற்றம் இன்னும் மனத்தில் இருக்கிறது. மின்சாரம் வேண்டும், அதுவும் புகையில்லாத மின்சாரம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆயினும் இந்த உணர்வும் உண்மைதான் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் அண்மையில் வந்த சிறிய சூரிய மின் நிலையத்தில்தான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எனக்குத் தெளிவாக விளங்கியது. காற்றாடி நிலத்தில் ஒரு புள்ளியைத்தான் எடுத்துக்கொள்கிறது. தகடுகளோ நிலம் முழுவதையும் மூடி, சுற்றிலும் கம்பிவேலியைக் கேட்கின்றன. வேலி போடுவதற்கு முன் அங்கே வரிசையாக நின்ற பனைகளை, நிழல் விழும் என்று வெட்டினார்கள். "மூணு பனைக்கு மேக்கே" என்று வயலுக்கு அடையாளம் சொல்லி வந்தவர்களுக்கு இப்போது சொல்வதற்குப் பனை இல்லை. குளத்துக்கு மாடு பத்திக்கொண்டு போன தடம் வேலியில் முட்டி நிற்கிறது. மாடுகள் இன்றும் அதுவரை போய் நின்றுவிட்டுத்தான் திரும்புகின்றன.

அடுத்து இன்னொரு நிலத்தை அளந்திருக்கிறார்கள். அதன் வடக்கு ஓரத்தில் பதினொரு பனைகள் நிற்கின்றன. தகடுகள் அவற்றுக்குத் தெற்கே வருவதால், பெரும்பாலான மாதங்களில் அவற்றின் நிழல் தகடுகளைத் தொடாது. அந்தப் பனைகளையும், நிலத்தின் ஊடாகப் போகும் பத்தடி வண்டிப்பாதையையும் விட்டுவைக்க வேண்டும் என்று ஆகஸ்ட் 15 கிராம சபைக் கூட்டத்தில் எழுதிக் கொடுக்க இருக்கிறேன். இப்படிக் கேட்டுப் பெற்ற ஊர்க்காரர்கள் யாரேனும் இருந்தால், மனுவில் என்ன எழுதினீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.