தூரில் கட்டி வந்த ரோஜா: உங்களுக்கும் நடந்ததா?

மாடிரோஜா
3 வருடம் ஆகியும் மனசு ஆறவில்லை, எழுதிவிடுகிறேன். 12 ஒட்டு ரோஜா வாங்கினேன். ஒன்று மட்டும் தளிர் விடாமல் மஞ்சளடித்து நின்றது. மண்ணைக் கையால் விலக்கினால், ஒட்டுக்குக் கீழே தூரில் நெல்லிக்காய் அளவு கட்டி. நகத்தால் கீறினேன், வெளிறிப்போய் மெத்தென்று இருந்தது. வேரைத் தாக்கும் நூற்புழு என்று நினைத்துக் கட்டியைச் செதுக்கி எறிந்துவிட்டு வேப்பம் புண்ணாக்கு போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். அதே கத்தரிக்கோலைத் துடைக்காமல் மற்ற 11 செடியையும் கவாத்து பண்ணினேன். அடுத்த மழைக்காலத்துக்குள் 7 செடியில், வெட்டிய வாயிலேயே கட்டி.

தென்னந்தோப்பு
எனக்கும் செம்பருத்தியில் இப்படி வந்தது. கிருமியைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைக் கலந்து தூரில் ஊற்றுங்கள், சரியாகிவிடும்.

நுண்ணுயிர்மாணவி
தோப்பு அண்ணா, கோபிக்காதீர்கள், ஆகாது. இந்தக் கட்டியை உண்டாக்கும் அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியா காயம் வழியாக நுழைந்து தன் மரபணுவில் ஒரு துண்டைச் செடியின் செல்லுக்குள்ளேயே சேர்த்துவிடும். அந்தச் செல் ஆக்சின், சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஹார்மோன்களை அளவில்லாமல் சுரந்து பெருகும். அப்புறம் கிருமி செத்தாலும் கட்டி வளரும். ஆய்வகத்தில் கேரட்டை வட்டமாக நறுக்கி, கட்டியிலிருந்து பிரித்த கிருமியைத் தடவி வைத்தோம். மூன்றாம் வாரம் மூடியைத் திறந்தால், நடு வளையத்தைச் சுற்றி ரவை ஒட்டிய மாதிரி வெள்ளை வெள்ளையாகப் பருக்கள். தண்ணீர் மட்டும் தடவிய வட்டில் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு காய்கறி நறுக்கும்போதெல்லாம் அதுதான் நினைவுக்கு வருகிறது.

ரோஜா அக்கா, நூற்புழு முடிச்சு சல்லிவேரில் மணி கோத்த மாதிரி வரும், வேரே வீங்கியிருக்கும். இது தூரிலும் ஒட்டுக் காயத்திலும் வரும். பூச்சிக் கட்டி என்றால் அறுத்தால் உள்ளே பொந்தும் புழுவும் இருக்கும். செடியை வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள். அந்த மண்ணில் மறுபடி ரோஜா வேண்டாம், வருடக்கணக்கில் கிருமி கிடக்கும். சோளம் போடலாம், புல்லினத்தை இந்த நோய் அண்டுவதில்லை. கத்தரிக்கோலை ஒவ்வொரு செடிக்கும் 70% ஆல்கஹாலில் துடையுங்கள்.

அடிலெய்ட்வாசி
இங்கே பேராசிரியர் ஆலன் கெர் 1970களில் கே84 என்ற தீங்கில்லாத உறவுக்காரக் கிருமியைக் கொண்டே இதை அடக்கிக் காட்டினார். அது சுரக்கும் அக்ரோசின் என்ற நச்சை நோய்க்கிருமி உணவென்று உள்ளே இழுத்துக்கொண்டு சாகும். நான் 2 பீச் கன்று நட்டேன். ஒன்றை கே84 கரைசலில் வேரோடு முக்கி நட்டேன், மற்றதை அவசரத்தில் அப்படியே நட்டேன். முக்காததைத் தோண்டி எடுத்தபோது தூரில் என் கைமுட்டி அளவுக் கட்டி. பக்கத்துக் கன்று சுத்தமாக இருந்தது. எல்லோரும் நடும் முன்பே முக்குங்கள், கட்டி வந்த பிறகு பயனில்லை.

கொடிமுந்திரி
"எல்லோரும்" என்று சொல்லாதீர்கள் சார். திராட்சையைத் தாக்குவது வேறு இனம், கே84 அதை ஒன்றும் செய்யாது. அது கொடியின் சாறுக்குள்ளேயே குடியிருக்கும். வெளியே பார்க்க நன்றாக இருந்த கொடியில் குச்சி வெட்டி நானே 40 பதியன் போட்டேன், தாய்க்கொடியில் கட்டி தெரிந்தது அதற்கு அடுத்த வருடம்தான். அதற்குள் பாதிப் பதியனை உறவுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டேன்.