ஏழாம் வகுப்புக்கு மிளகுக் கப்பல் பாடம், யோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. அடுத்த வாரம் ஏழாம் வகுப்புக்குப் பழங்கால ரோம் வணிகம் எடுக்கணும். போன வருஷம் வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டினேன், பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். இந்தத் தடவை ஆளுக்கு நாலு மிளகைக் கையில் கொடுத்து ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன். எகிப்தின் பெரெனிகே துறைமுகத்தில், கோயில் முற்றத்தில் புதைந்திருந்த இந்தியச் சாடியில் ஏழரை கிலோ மிளகு கிடைத்ததே, அந்தக் கதையோடு. எகிப்தின் இன்னொரு பழைய துறைமுகமான குசேர் அல் காதிமில் கிடைத்த, 'பானை ஒறி' என்று தமிழ் பிராமி எழுத்தில் பொறித்த பானை ஓட்டுத் துண்டையும் சொல்வேன். ஒறி என்றால் நம்ம உறிதான்!

சிக்கல் பருவக்காற்றில். ஜூலை வாக்கில் எகிப்தில் கிளம்பி, தென்மேற்குக் காற்றில் சேர நாட்டுத் துறைமுகமான முசிறிக்கு வந்து, வடகிழக்குக் காற்றுக்குக் காத்திருந்து திரும்பினார்கள். "உடனே திரும்பினா என்ன சார்?" என்று ஒருத்தன் நிச்சயம் கேட்பான். விளையாட்டாகக் காட்ட வழி உண்டா? டேபிள் ஃபேனும் காகிதக் கப்பலும் வைத்துப் பார்த்தேன், கப்பல் ஜன்னல் வழியே போய்விட்டது. 38 பிள்ளைகள், 40 நிமிஷம், புரொஜெக்டர் கிடையாது.

அப்புறம், அரிக்கமேட்டில் கிடைத்த ஆம்போரா என்ற ரோமானிய இருகைப்பிடி ஜாடியைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் படம் எடுத்தவர்கள் இருந்தால் இங்கேயே போடுங்கள். பிரிண்ட் எடுத்து வகுப்பில் சுற்றுக்கு விடணும். வியாழனுக்குள் கிடைத்தால் நல்லது.