மாடித் தொட்டியில் முளைத்திருப்பது கீழாநெல்லிதானா? காமாலைக்கு அரைத்துக் கொடுக்கலாமா?

கேள்வி: வேளச்சேரி வாசகி

என் கொழுந்தனாருக்கு வயது 24. பத்து நாட்களுக்கு முன் கண்கள் மஞ்சளாகி, இரத்தப் பரிசோதனையில் ஹெபடைட்டிஸ் ஏ என்று தெரியவந்தது. மருத்துவர் ஓய்வும் எளிய உணவும் போதும் என்றார். ஆனால் என் மாமியார், மழைக்குப் பின் எங்கள் மாடித் தொட்டிகளிலும் பக்கத்துக் காலி மனையிலும் தானாக முளைத்திருக்கும் செடிகளைக் காட்டி, இதை வேரோடு பிடுங்கி மோரில் அரைத்து வெறும் வயிற்றில் கொடுத்தால் ஒரு வாரத்தில் இறங்கிவிடும் என்று உறுதியாகச் சொல்கிறார். அவை எல்லாமே ஒரே செடி போலத் தெரியவில்லை. கீழாநெல்லியை எப்படி அடையாளம் காண்பது? கொடுப்பதில் தவறு உண்டா?

மறுமொழி 1: ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர், குரோம்பேட்டை

முதலில் தண்டைக் கிள்ளிப் பாருங்கள். வெள்ளைப் பால் வந்தால் அது கீழாநெல்லி அன்று. பெரும்பாலும் அம்மான் பச்சரிசி இனத்தைச் சேர்ந்ததாக இருக்கும். பால் வராவிட்டால் சிறுகிளையைத் திருப்பிப் பாருங்கள். புளிய இலை போன்ற இரட்டை வரிசை இலைகளின் அடிப்புறத்தில், கடுகைவிடச் சற்றுப் பெரிய பச்சைக் காய்கள் சிறு காம்புடன் வரிசையாகத் தொங்கினால், தண்டும் பச்சையாக இருந்தால், அது ஃபில்லாந்தஸ் அமாரஸ் என்னும் கீழாநெல்லி. தண்டு சிவந்து, காய்கள் காம்பில்லாமல் ஒட்டிச் சொரசொரப்பாக இருந்தால் அது ஃபில்லாந்தஸ் யூரினாரியா என்னும் நெருங்கிய உறவு. இதையும் கீழாநெல்லி என்றே விற்கிறார்கள். மூன்றாவதாக, இலை அடியில் ஒடுங்கி நுனியில் அகன்றிருக்கும் மேலாநெல்லி ஒன்று உண்டு. அதன் தாவரவியல் பெயரான மதராஸ்படென்சிஸ் என்பதற்கு மதராசப்பட்டினத்தைச் சேர்ந்தது என்றே பொருள்; நம் ஊர்ப் பெயரைச் சுமக்கும் செடியை நம் ஊரிலேயே அடையாளம் தெரியாமல் மிதித்துக்கொண்டு போகிறோம்.

தாவரவியலாளர்கள் கீழாநெல்லியின் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா என்கிறார்கள். அப்படியானால் ஆயுர்வேதம் பூம்யாமலகி என்று குறித்தது இதே செடியைத்தானா என்பது தனியாக விவாதிக்க வேண்டிய விஷயம்.

மறுமொழி 2: ஆய்வக நுண்ணுயிரியலாளர், கிண்டி

இந்தச் செடிக்கும் சென்னைக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் புளும்பெர்க்குடன் சேர்ந்து, அந்த வைரஸை உடலில் சுமந்திருந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை 30 நாட்கள் கொடுத்துப் பார்த்தனர். 1988இல் லான்செட் இதழில் வெளியான முடிவின்படி, மருந்து உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் மேற்பரப்புப் புரதம் மறைந்திருந்தது. வெற்றுப்பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. அன்று பெரும் பரபரப்பை உண்டாக்கிய செய்தி இது. ஆனால் பின்னர் வேறு நாடுகளில் நடந்த சோதனைகளில் இதே பலன் கிட்டவில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. அந்த ஆய்வு நாட்பட்ட ஹெபடைட்டிஸ் பி பற்றியது. உங்கள் கொழுந்தனாருக்கு வந்திருப்பது அசுத்தமான நீரால் பரவி, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணியும் ஏ வகை. மஞ்சள் இறங்கும் நேரத்தில் கையில் இருந்த மருந்துக்கே பெயர் கிடைத்துவிடுகிறது. உங்கள் மாமியார் பார்த்துக் குணமானவர்களில் பலர் இப்படித்தான் குணமாகியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

மறுமொழி 3: பதிவுபெற்ற சித்த மருத்துவர், தாம்பரம்

நான் கீழாநெல்லியைப் பயன்படுத்துபவன்தான். ஆனால் காமாலை என்பது ஓர் அறிகுறி. பித்தநாளத்தில் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும், அங்கே அரைத்த மூலிகை கொடுத்துக் காத்திருந்தால் ஆபத்து. உங்கள் வீட்டில் நோய் எது என்று தெரிந்துவிட்டதால் அந்த அச்சம் குறைவு. இருப்பினும் காலி மனைச் செடியைத் தொடவே வேண்டாம். கழிவுநீரும் நாய்களும் புழங்கும் மண்ணில் வளர்ந்ததைச் சமூலமாக, அதாவது வேர் முதல் காய் வரை பச்சையாக அரைத்துக் கொடுப்பது, நீரால் வந்த நோய்க்கு இன்னொரு நோயைச் சேர்ப்பதாகவே முடியலாம்.

கொடுத்தே ஆக வேண்டும் என்றால், தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலோ அரும்பாக்கம் அரசு சித்த மருத்துவமனையிலோ இரத்தப் பரிசோதனைத் தாள்களைக் காட்டி அளவு கேட்டுக்கொள்ளுங்கள். அதை முதலில் பார்த்த மருத்துவரிடமும் மறைக்காதீர்கள். வாந்தி எடுப்பவருக்கு உப்பை அறவே நிறுத்தும் வழக்கத்தை நான் ஆதரிப்பதில்லை. காய்ச்சலுக்கென்று பாராசிட்டமாலைத் தாமாக விழுங்கவும் வேண்டாம். பேச்சில் குழப்பம், அளவுக்கு மீறிய தூக்கம், ஈறிலோ மூக்கிலோ இரத்தம் என்று எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. தண்டைக் கிள்ளிப் பார்த்தோம்: மாமியார் பறித்து வைத்திருந்த ஐந்து செடிகளில் இரண்டில் பால் வந்தது. அதைக் கண்டபின் அவரே அம்மியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். நாளை பரிசோதனைத் தாள்களுடன் சானடோரியம் செல்கிறோம். தாமும் வந்து மருத்துவரிடம் நேரில் கேட்க வேண்டும் என்கிறார்.