மறு: 'கான்ஜுகேட்' தடுப்பூசிக்குத் தமிழ்ச்சொல்

குழுவினருக்கு வணக்கம். கிருமியின் சர்க்கரை உறையைப் புரதத்துடன் பிணைத்துச் செய்யும் 'கான்ஜுகேட்' (conjugate) தடுப்பூசிக்கு, நம் துண்டறிக்கையில் போடத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். வந்த பரிந்துரைகளுக்கு என் பதில் இது.

> "கூட்டுத் தடுப்பூசி" என்றே வைத்துக்கொள்ளலாமே? எளிமையாக இருக்கிறது.

தொண்டி மருத்துவர் அம்மாவின் பரிந்துரை. எளிமைதான், ஆனால் அந்தச் சொல்லுக்கு வேறு உரிமையாளர் இருக்கிறார். 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் முதலில் தொடங்கிய பென்டாவேலன்ட் ஊசியில் தொண்டை அடைப்பான், கக்குவான், இரண ஜன்னி, மஞ்சள் காமாலை பி, ஹிப் (மூளையுறை அழற்சி உண்டாக்கும் Hib பாக்டீரியா) ஆகிய ஐந்துக்கும் மருந்து ஒரே குப்பியில் இருக்கிறது. கூட்டு என்றால் அதுதான் கூட்டு. நாம் பெயர் தேடுவது அதிலுள்ள ஹிப் பகுதிக்கு மட்டும். மஞ்சள் காமாலை பி வைரஸுக்கு அதன் மேற்பரப்புப் புரதமே மருந்தாகிவிடுகிறது. அதனுடன் எதையும் சேர்த்துக் கட்ட வேண்டியதில்லை.

ஹிப் அப்படியில்லை. அந்தப் பாக்டீரியா சர்க்கரை மூலக்கூறுகளாலான உறையைப் போர்த்திக்கொண்டு வருகிறது. அந்த உறையை மட்டும் பிரித்தெடுத்துச் செய்த தடுப்பூசி 1985இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வளர்ந்த பிள்ளைகளிடம் வேலை செய்தது. மூளையுறை அழற்சி அதிகம் தாக்கும் கைக்குழந்தைகளிடம் பலிக்கவில்லை. காரணம், சர்க்கரையைக் கண்டு டி செல்கள் (நோயெதிர்ப்புக்கு உதவும் வெள்ளணுக்கள்) எழுவதில்லை. அவற்றின் துணையின்றிச் சர்க்கரைக்கு எதிர்ப்பொருள் உண்டாக்கும் திறன் இரண்டு வயதுக்கு முன் மிகக் குறைவு. நோயெதிர்ப்பு நினைவும் தங்காது. அதே சர்க்கரையை ஒரு புரதத்துடன் வேதிமுறையில் பிணைத்துவிட்டால், எதிர்ப்பொருளைச் செய்யும் வெள்ளணுவான பி செல் இரண்டையும் சேர்த்து விழுங்குகிறது. புரதத் துணுக்கை டி செல்லுக்குக் காட்டி உதவி பெறுகிறது. எதிர்ப்பொருளையோ சர்க்கரைக்கு எதிராகச் செய்கிறது. முயல்களில் இந்த வழியை ஆய்வாளர்கள் ஏவரியும் கோபலும் 1929இலேயே காட்டிவிட்டார்கள். குழந்தைகளுக்கு அது வந்து சேர 1990 ஆயிற்று! ராபின்ஸ், ஷ்னீர்சன் இணையும், ஸ்மித், ஆண்டர்சன் இணையும் தனித்தனியே உழைத்தார்கள். நால்வருக்கும் 1996இல் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது கிடைத்தது.

> அப்படியானால் "இணைவுத் தடுப்பூசி"?

பதினோராம் வகுப்பில் நானே நடத்துகிறேன்: இணைவு என்றால் இரண்டு பாக்டீரியாக்கள் ஒட்டி மரபுப்பொருளைக் கைமாற்றுவது. அதே மாணவன் அதே சொல்லைத் தடுப்பூசியிலும் பார்த்தால் என்ன நினைப்பான்?

> "பிணைத் தடுப்பூசி"

கீழக்கரை நண்பருக்கு: நெருங்கிவிட்டீர்கள். ஆனால் தங்கச்சிமடத்தில் 'பிணை' என்றால் கடலில் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருப்பவருக்குக் கிடைக்க வேண்டியது. அந்தச் சொல்லைத் துண்டறிக்கையில் அச்சடித்து வீடுவீடாகக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

'பிணைப்பு' என்று நீட்டினால் அந்தச் சிக்கல் தீர்கிறது. சர்க்கரையும் புரதமும் சேர்வது சகப்பிணைப்பால் (அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்து உண்டாகும் பிணைப்பு). வேதியியல் பாடநூலில் ஏற்கெனவே உள்ள சொல். எனவே என் முன்மொழிவு: முதல் இடத்தில் 'புரதப் பிணைப்புத் தடுப்பூசி', பிறகு சுருக்கமாக 'பிணைப்பூசி'. 2021 முதல் நம் ஊர்களில் ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம் போடப்படும் நிமோகாக்கல் ஊசிக்கும் (நிமோனியா உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவுக்கு எதிரானது) இது பொருந்தும். செவிலியர்கள் அதன் ஆங்கிலச் சுருக்கமான பி.சி.வி. என்றே சொல்லிக்கொண்டு போகட்டும். அதை மாற்ற நாம் யார்?

சர்க்கரையைச் சுமந்து வரும் புரதத்துக்கு 'கடத்திப் புரதம்' வேண்டாம். செல்சவ்வில் பொருள்களைக் கடத்தும் புரதத்துக்கு அது போய்விட்டது. 'ஏந்து புரதம்' போதும். ஹிப் ஊசியில் பெரும்பாலும் நச்சு நீக்கிய இரண ஜன்னிப் புரதமே இந்த வேலையைச் செய்கிறது என்பதையும் அடைப்புக்குறிக்குள் சேர்க்கலாம்.

ஒன்று மட்டும் எனக்குத் தீரவில்லை. புரதம் பிணைக்காத பழைய வகையை என்னவென்பது? 'சர்க்கரைத் தடுப்பூசி' என்று எழுதினால் மறுநாளே நீரிழிவுக்காரர்கள் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் வரிசையில் நிற்பார்கள். தற்காலிகமாக 'உறைத் தடுப்பூசி' என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைவிட நல்லதாகத் தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் மடல் இடுங்கள். சனிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும்.