1972 நோவா: அடுத்து எதை மாற்றுவது?

நோவா72:
ஒஹையோவில் வசிக்கிறேன். என்னுடைய 1972 செவ்ரோலே நோவாவை, வாய்ப்பு கிடைக்கும்போதெல்லாம் நேஷனல் டிரெயில் ரேஸ்வே என்ற பந்தயத் திடலுக்குக் கொண்டுபோய்க் கால் மைல் நேர்கோட்டுப் பந்தயம் ஓட்டுகிறேன். மற்ற நாள்களில் அதே வண்டிதான் சாலையிலும் ஓடுகிறது. 350 கன அங்குல என்ஜினில் வோர்ட்டெக் சிலிண்டர் ஹெட்டுகளும் மிதமான கேம்ஷாஃப்டும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) 750 ஹாலி கார்புரேட்டரும் முந்தைய உரிமையாளர் பொருத்தியவை. டிஎச்350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் என்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியாக அதற்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரும் தொழிற்சாலையில் வந்தவாறே இருக்கின்றன. பின்னால் 10 போல்ட் ஆக்ஸில், 3.08 விகிதக் கிரவுன்-பினியன் (சக்கரம் ஒருமுறை சுழல, புரொப்பெல்லர் ஷாஃப்ட் 3.08 முறை சுழலும் பல்சக்கர ஜோடி), லாக் இல்லாத சாதாரண டிஃபரன்ஷியல், 26 அங்குல உயரமுள்ள சாலை டயர்கள். என்னையும் சேர்த்து எடை 3,450 பவுண்டு.

திடலில் தரும் நேரச் சீட்டில் பெரும்பாலும் 13.7 விநாடியும், முடிவில் மணிக்கு 105 மைலும், முதல் 60 அடிக்கு 2.25 விநாடியும் வருகின்றன. கையில் சுமார் 2,500 டாலர் இருக்கிறது. என்ஜினுக்குள் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைச் செலுத்தி 150 குதிரைத்திறன் கூட்டும் நைட்ரஸ் கருவி வாங்குவதா, பெரிய கேம்ஷாஃப்ட் போடுவதா, கியரையும் கன்வர்ட்டரையும் மாற்றுவதா என்று முடிவெடுக்க முடியவில்லை. 12 விநாடிக்குள் வர வேண்டும் என்ற அவசரம் இல்லை; ஆனால் 12 என்று தொடங்கும் ஒரு சீட்டைப் பார்க்க விரும்புகிறேன்.

சீட்டுப்பிரியர்:
நீங்கள் கொடுத்த மூன்று எண்களிலேயே விடை இருக்கிறது. முடிவு வேகம் என்ஜினின் வலிமையைக் காட்டும். 60 அடி நேரம் அந்த வலிமையில் எவ்வளவு தரையில் இறங்கியது என்பதைக் காட்டும். புறப்பாடு சொதப்பினால் மொத்த நேரம் கெடுமே தவிர, முடிவு வேகம் அவ்வளவாகக் குறையாது. பந்தயக்காரர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் கணக்கு ஒன்று உண்டு: வேகத்தை 234ஆல் வகுத்து, வந்த எண்ணின் கனத்தை (எண் × எண் × எண்) எடுத்து, அதைப் பவுண்டு எடையால் பெருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு அது ஏறத்தாழ 310 குதிரைத்திறன் என்று வருகிறது. இந்த எடையில் 310 குதிரைத்திறன் உள்ள வண்டி, சரியாகப் புறப்பட்டால், 13.0 விநாடிக்கு அருகில் ஓட வேண்டும். ஆகவே, 0.7 விநாடியை நீங்கள் புறப்படும் இடத்திலேயே விட்டுவிட்டு வருகிறீர்கள்.

60 அடியில் பத்தில் ஒரு விநாடி குறைந்தால், கால் மைலில் அதைப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நேரம் குறையும் என்பது பொதுவான அனுபவம். 2.25ஐ 1.80க்குக் கொண்டுவர தரையை நன்றாகப் பற்றும் டிராக் ரேடியல் டயர்கள், லாக் ஆகும் டிஃபரன்ஷியல், பின் லீஃப் ஸ்பிரிங் முறுக்கிக்கொள்ளாமல் தடுக்கும் டிராக்ஷன் பார்கள் ஆகியவை போதும். இப்போதைய டிஃபரன்ஷியலில் ஒரே சக்கரம் சுழன்று புகை கக்கிக்கொண்டிருக்கும்போது, அதன்மேல் இன்னும் 150 குதிரைத்திறனை ஏற்றுவதால் புகைதான் கூடும்.

பினியன்:
டயர்தான் முதலில் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த 310 என்ற எண்ணை நான் அப்படியே ஏற்கமாட்டேன். 26 அங்குல டயரும் 3.08 விகிதமும் இருக்கும்போது, மூன்றாவது கியரில் 105 மைல் வேகத்துக்கு என்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 4,200 சுற்றுகளில்தான் இருக்கும். கன்வர்ட்டரில் நழுவி வீணாகும் சுற்றுகளைச் சேர்த்தாலும் 4,400ஐத் தாண்டாது. நீங்கள் சொல்லும் கேம்ஷாஃப்ட் 5,500 சுற்றை ஒட்டித்தான் உச்ச வலிமையைத் தரும் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்கு மாறிய பிறகு, உச்ச வலிமையை ஒருமுறைகூடத் தொடாமலேயே கோட்டைக் கடக்கிறீர்கள். என்ஜினில் உள்ளதைவிடக் குறைவாகத்தான் அந்தக் கணக்கு காட்டுகிறது.

3.73 போட்டால் 107 மைலில் 5,150 சுற்றும், நழுவலுடன் 5,400 சுற்றும் வரும். 10 போல்ட் 8.5 அங்குல வகையாக இருந்தால் 2.73க்கு மேற்பட்ட விகிதங்கள் எல்லாம் ஒரே கேரியரில் (கிரவுன் சக்கரத்தைத் தாங்கும் கூடு) பொருந்தும். ஆனால் டிஃபரன்ஷியலையே மாற்றப்போவதால், கிரவுன்-பினியனையும் அதே வேலையில் முடித்துவிடுங்கள். பினியன் ஆழமும் பல் இடைவெளியும் அளந்து வைக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுப்பது நல்லது, ஏனெனில் இந்த வேலையில் பாகத்தின் விலையைவிடக் கைத்திறனே பெரிது. மிச்சப் பணத்தில் என்ஜின் 2,800 முதல் 3,000 சுற்றை எட்டிய பிறகே வண்டியை இறுக்கமாகப் பிடிக்கும் கன்வர்ட்டர் ஒன்றும், அதனால் கூடும் வெப்பத்துக்காக கியர்பாக்ஸ் எண்ணெய்க்குத் தனிக் கூலரும் வாங்கலாம். ஆட்டோமேட்டிக் வண்டியில் கன்வர்ட்டர் செய்யும் மாற்றத்தை வேறு எந்த ஒற்றைப் பாகமும் செய்வதில்லை என்பது என் கருத்து.

பழைய செவி:
பெரிய கேம்ஷாஃப்ட் போடுவது பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். வோர்ட்டெக் ஹெட்டுகளை மாற்றங்கள் செய்யாமல் வைத்திருந்தால், சுமார் 0.470 அங்குலத்துக்கு மேல் வால்வு தூக்கும் கேம்ஷாஃப்டில் ரிட்டெய்னர் (வால்வு ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் மூடி), வால்வு கைடின் (வால்வின் தண்டு நகரும் குழாய்) தலையில் இடிக்கும். கைடுகளைச் சீவி, ஸ்பிரிங் மாற்றி, பிறகு கேம்ஷாஃப்ட் வாங்கினால் பட்ஜெட் அங்கேயே தீர்ந்துவிடும்.

நைட்ரஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை, பிறகு வாங்குங்கள். ஒவ்வொரு 50 குதிரைத்திறனுக்கும் தீப்பொறி நேரத்தை ஏறத்தாழ 2 டிகிரி பின்னுக்குத் தள்ள வேண்டும், எரிபொருள் பம்பு தாங்குமா என்று பார்க்க வேண்டும், பிஸ்டன் வார்த்ததா, அடித்து உருவாக்கிய வலுவான ஃபோர்ஜ் வகையா என்பது தெரிந்திருக்க வேண்டும். முந்தைய உரிமையாளர் கட்டிய என்ஜினில் அது உங்களுக்குத் தெரியுமா?

இன்னொன்று: அமெரிக்க டிராக் பந்தயச் சங்கமான என்ஹெச்ஆர்ஏவின் விதிப்படி 13.99 விநாடி அல்லது அதைவிட வேகமாக ஓடும் வண்டியில் ஹெல்மெட் கட்டாயம். அந்த வேகத்தில் பள்ளக்கோடு இல்லாத ஸ்லிக் டயர் போட்டால், உடைந்தால் தாங்கிப்பிடிக்கப் புரொப்பெல்லர் ஷாஃப்டுக்கு வளையம் வேண்டும்; சாலை டயர் என்றால் 11.49 விநாடி வரை விலக்கு உண்டு. நீங்கள் வாங்கும் டயரை எந்த வகையில் சேர்ப்பார்கள் என்று ஆய்வாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். எப்படியும் வளையத்தைப் போட்டுவிடுவேன், விலை அற்பம்.

நோவா72:
அனைவருக்கும் நன்றி. பிஸ்டன் எந்த வகை என்பது எனக்குத் தெரியாது, ஆகவே நைட்ரஸை ஒதுக்கிவிட்டேன். டயர், லாக் டிஃபரன்ஷியல், 3.73, டிராக்ஷன் பார், பிறகு கன்வர்ட்டர் என்ற வரிசையில் செய்யலாம் என்று இருக்கிறேன். 3.73 போட்டால் நெடுஞ்சாலையில் ஓட்ட முடியாத அளவுக்குச் சத்தம் வருமா?

பினியன்:
65 மைல் வேகத்தில் இப்போது சுமார் 2,590 சுற்று ஓடுகிறது, 3.73இல் அது 3,130 ஆகும், புதிய கன்வர்ட்டரின் நழுவல் அதற்கும் மேலே. பந்தயத் திடலுக்குப் போய்வர இது தாங்கும். தினமும் நீண்ட தூரம் போவீர்களானால், பிற்காலத்தில் ஓவர்டிரைவ் (என்ஜின் சுற்றைக் குறைக்கும் மேல் கியர்) உள்ள 200-4ஆர் கியர்பாக்ஸ் போடுங்கள்; அதன் 0.67 விகிதத்தில் இதே வேகத்துக்கு 2,100 சுற்றுதான் வரும். அதற்காக இப்போது 4.10 விகிதக் கிரவுன்-பினியன் வாங்கிவிடாதீர்கள்.