புதுப்பிப்பு: குறிஞ்சி பூத்த ஆண்டில் நடந்த எங்கள் திருமணம்

2006-ஆம் ஆண்டு ஆவணியில், கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் எங்கள் திருமணம் நடந்ததை முன்பு எழுதியிருந்தேன். அதன் பிறகான வாழ்க்கையையும் எழுதும்படி பலர் கேட்டதால், திருமண நாளான இன்று தொடர்கிறேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி மீண்டும் பூத்த 2018-இல், மகளையும் அழைத்துக்கொண்டு அதே சன்னதியில் நின்றோம். அந்த நவம்பரில் கஜா புயல் மரங்களைச் சாய்த்துப் பாதைகளை அடைத்தபோது, கொடைக்கானலின் மேல்மலையில் மின்சாரமின்றிக் கழிந்த இரவுகளில், அடுப்புக்கு மேலே புகையில் கட்டித் தொங்கவிட்டிருந்த விதைப்பூண்டில் ஈரம் ஏறிவிடாதபடி, என் மனைவி கண் மூடாமல் நெருப்பைக் காத்தார். ஒவ்வொரு கட்டாகத் தொட்டுப் பார்த்து, நனைந்தவற்றை அடுப்புக்கு நேராக மாற்றிக் கட்டினார். விதை தப்பியதால்தான் அடுத்த போகம் எங்களுக்கு வாய்த்தது. தாலி கட்டியபோது அவரை எனக்கு அவ்வளவாகத் தெரியாது, அந்த இரவுகளில்தான் முழுதாக அறிந்தேன் என்று உறுதியாகச் சொல்வேன்.

கடன், மாமனாரின் உடல்நலக்குறைவு என மற்றவை வந்தன, போயின. 2030-இல் குறிஞ்சி மறுபடியும் பூக்க வேண்டும். அதற்குள் மகளின் கல்லூரிப் படிப்பு நல்லபடியாக முடிய வேண்டும் என்பதே இப்போது எங்கள் இருவரின் வேண்டுதல்.