ஊருக்குப் பள்ளிக்கூடம், கட்சிக்கு நன்கொடை: எதை வைத்துக் கம்பெனியின் பொறுப்பை அளப்பது?

கடலோரத்தான்:
தூத்துக்குடியில் 2018-இல் மூடப்பட்ட ஸ்டெர்லைட் செம்பு ஆலை பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு வாதம் வந்துவிடுகிறது. 'மருத்துவ முகாம் நடத்தினார்கள், பள்ளிக்கு உதவினார்கள், பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தார்கள், இப்படிப் பொறுப்புள்ள கம்பெனியை விரட்டிவிட்டோமே' என்று. தூத்துக்குடிக்காரனாக இதற்குப் பதில் சொல்ல நினைக்கிறேன். கம்பெனி ஊருக்கு என்ன கொடுத்தது என்பதை வைத்து அதன் பொறுப்பை அளக்க முடியாது. சட்டத்துக்கு எப்படிக் கட்டுப்பட்டது, சட்டம் போடுகிறவர்களிடம் என்ன உறவு வைத்திருந்தது, இந்த இரண்டையும்தான் பார்க்க வேண்டும்.

முதலில் ரத்னகிரிக்குப் போக வேண்டிய ஆலை அது. அங்கே மாம்பழ விவசாயிகள் எதிர்த்ததால் மகாராஷ்டிர அரசு வேலையை நிறுத்தியது. 1994-இல் இங்கே ஜெயலலிதா அடிக்கல் நாட்டினார். மன்னார் வளைகுடாவிலிருந்து 25 கி.மீ. தள்ளி அமைய வேண்டும் என்று மாசுக்கட்டுப்பாட்டு வாரியமே தன் தடையில்லாச் சான்றில் நிபந்தனை போட்டிருந்தது. ஆலை வந்ததோ அதைவிடக் கிட்டத்தில். அதன் பிறகு எத்தனை ஆட்சி மாறியது! ஆலை மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

செம்புக்கம்பி:
அண்ணாச்சி, நான் கோயம்புத்தூர். மோட்டார் வைண்டிங் தொழில். உங்கள் ஊர் வலி எனக்குப் புரியாமல் இல்லை, 2018 போராட்டத்தில் போலீஸ் சுட்டு 13 உயிர் போனது சாதாரண விஷயம் இல்லைங்க. ஆனால் நீங்கள் சொன்னதில் பாதிக்கு மேல் அரசின் தவறு. நிபந்தனையை மீறி இடம் கொடுத்தது யார்? அனுமதி தந்தது யார்? சுட்டது யார்? எல்லாமே அரசு. தண்டனை மட்டும் ஆலைக்கு, அதை நம்பியிருந்த தொழிலாளிக்கு, லாரிக்காரருக்கு.

இன்னொன்று. நீங்கள் சொல்லும் அந்த 25 கி.மீ. விஷயம் உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் வரை போனது. 2013 ஏப்ரல் 2 தீர்ப்பில் ஆலையை மூட உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆண்டுக்கு 4 லட்சம் டன் திறன் உள்ள ஆலை அது. மூடியதும், செம்பை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு இறக்குமதி செய்கிற நாடாக மாறியது. கம்பிச் சுருள் விலை ஏறினால் சின்னப் பட்டறைக்காரன் பாடு என்னவென்று எங்கள் பக்கம் வந்து பாருங்கள். 2021-இல் ஆக்சிஜன் தட்டுப்பாடு வந்தபோது அதே ஆலையைத்தான் திறக்கச் சொன்னார்கள். அனைத்துக் கட்சிக் கூட்டம் போட்டு ஒப்புக்கொண்டார்கள். அப்போது மட்டும் வேண்டியிருந்தது, இல்லையா?

கடலோரத்தான்:
2013 தீர்ப்பை முழுசாகச் சொல்லுங்கள் அண்ணே. மூட மறுத்த அதே தீர்ப்பு 100 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. காரணம், ஆலையை ஓட்ட வாரியம் தரும் அனுமதியான இசைவு நீண்ட காலம் புதுப்பிக்கப்படாமலேயே ஆலை ஓடியிருக்கிறது, சுற்றுச்சூழலும் மாசுபட்டிருக்கிறது. அதற்குப் பத்து நாள் முன்புதான், மார்ச் 23 காலையில், ஊரில் ஜனங்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் வெளியே ஓடிவந்தார்கள்.

2018 ஏப்ரலில் வாரியம் இசைவைப் புதுப்பிக்க மறுத்ததற்குச் சொன்ன காரணங்களைப் பாருங்கள். நிலத்தடி நீர் ஆய்வு அறிக்கைகளைத் தரவில்லை. உப்பாற்றின் கரையிலும் பட்டா நிலங்களிலும் கொட்டிய தாமிரக் கசடை, அதாவது செம்பை உருக்கியபின் மிஞ்சும் கழிவை, அகற்றவில்லை. ஆபத்தான கழிவைக் கையாளும் அனுமதி காலாவதியாகிவிட்டது. இதெல்லாம் கம்பெனி தன் கையால் செய்திருக்க வேண்டிய வேலைகள். 11 இடங்களில் கசடு. கரி நிறத்தில், மணலைவிடக் கனமாக, ஆற்றோரம் மேடு மேடாகக் கிடந்தது. முகாமில் ஒரு கண்ணாடி கொடுத்தால் இதற்குக் கணக்கு நேராகிவிடுமா?

2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. ஆலையை மூடுவது முதல் வழியாக இருக்கக் கூடாது, ஆனால் மீறல்கள் திரும்பத் திரும்ப நடந்திருக்கின்றன, அவை கடுமையானவை என்று சொல்லி, ஆலையின் உரிமையாளரான வேதாந்தாவின் மனுவைத் தள்ளியது.

ஏட்டுக்கணக்கு:
ஆடிட்டராக இருப்பதால் வேறு பக்கமிருந்து ஒன்று சொல்கிறேன். கம்பெனிச் சட்டத்தில் இரண்டு பிரிவுகளை அருகருகே வைத்துப் படியுங்கள்.

பிரிவு 135: நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றை எட்டிய கம்பெனி தன் மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. எந்த ஊரில், எந்தத் திட்டத்துக்கு, எவ்வளவு என்று ஆண்டறிக்கையில் போட்டாக வேண்டும். பள்ளிக் கழிப்பறை கட்டினால் அதுவும் வரும்.

பிரிவு 182: கட்சி நன்கொடை. 2017 வரை சராசரி லாபத்தில் 7.5 சதவீதம் என்ற உச்சவரம்பு இருந்தது, எந்தக் கட்சிக்கு என்று பெயரும் சொல்ல வேண்டும். 2017 நிதிச் சட்டம் இரண்டையும் எடுத்துவிட்டது. அப்புறம் 2018-இல் தேர்தல் பத்திரம் வந்தது, வங்கியில் வாங்கிப் பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்குக் கொடுக்கும் நன்கொடைச் சீட்டு. 2024 பிப்ரவரி 15-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்யும் வரை, நஷ்டத்தில் ஓடும் கம்பெனிகூட எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம், யாருக்கு என்று சொல்ல வேண்டாம் என்ற நிலை. கழிப்பறைக்குக் கணக்கு கேட்ட சட்டம் கட்சிக்குக் கொடுத்த கோடிகளுக்குப் பெயர் கேட்கவில்லை. என் தொழிலில் இதைவிடப் பெரிய ஓட்டையை நான் பார்த்ததில்லை.

செம்புக்கம்பி:
சரி, ஓட்டை உண்டு. ஆனால் அது எல்லாக் கம்பெனிக்கும் எல்லாக் கட்சிக்கும் பொதுவானது. பத்திரம் வாங்கியதில் முதலிடம் எங்கள் ஊர் லாட்டரிக் கம்பெனி ஃபியூச்சர் கேமிங், 1368 கோடி. அதில் திமுகவுக்கு மட்டும் 509 கோடி. அகில இந்தியாவில் பாஜகதான் அதிகம் வாங்கியது. கட்சி நடத்தப் பணம் வேண்டும், கம்பெனி கொடுக்கிறது. இதை ஸ்டெர்லைட் தலையில் கொண்டுபோய்ச் சுமத்துவானேன்?

கடலோரத்தான்:
சுமத்தவில்லை, நீதிமன்றப் பதிவைச் சொல்கிறேன். வேதாந்தாவின் கம்பெனிகளான ஸ்டெர்லைட்டும் சேசா கோவாவும் காங்கிரசுக்கும் பாஜகவுக்கும் நன்கொடை கொடுத்திருந்தன. தாய்க் கம்பெனி பிரிட்டனில் பதிவானது, ஆகவே இது வெளிநாட்டுப் பணம், இரண்டு கட்சிகளும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை மீறின என்று 2014 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. ஆறு மாதத்தில் நடவடிக்கை எடுக்கச் சொன்னது.

என்ன நடவடிக்கை? 2016 நிதிச் சட்டத்தில் 'வெளிநாட்டு மூலம்' என்பதன் வரையறையை மாற்றினார்கள், 2010-லிருந்து செல்லும்படி. அது போதவில்லை என்று 2018-இல் 1976-லிருந்தே செல்லும்படி மாற்றினார்கள். 42 வருஷம் பின்னோக்கி! 2018 மார்ச்சில் அந்த மசோதா மக்களவையில் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. அதே மார்ச்சில் எங்கள் பக்கத்து அ.குமரெட்டியபுரத்தில் ஆலையை எதிர்த்து வேப்பமரத்தடியில் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத இரண்டு கட்சிகளுக்கும் ஒரே திருத்தம் உதவியது. அண்ணே, பொறுப்பு என்று நான் கேட்பது இங்கேதான். தன் பேரைத் தொட்ட தீர்ப்பைத் தாண்ட நாட்டின் சட்டமே மாறுகிறது என்றால், ஆற்றங்கரைக் கசடை எடு என்று ஒரு வாரிய அதிகாரி எந்தத் தைரியத்தில் சொல்வார்?

செம்புக்கம்பி:
2018 திருத்தம் கட்சிகள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளப் போட்டது. கம்பெனி கேட்டுத்தான் போட்டார்கள் என்பதற்கு உங்களிடம் ஆதாரம் இல்லை.

கடலோரத்தான்:
கேட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்கவே வேண்டியதில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பத்திர விவரம் வெளிவந்தபோது வேதாந்தா 375 கோடிக்கு மேல் வாங்கியிருந்தது தெரிந்தது. பாஜக, காங்கிரஸ், ஒடிசாவில் அப்போது ஆண்ட பிஜு ஜனதா தளம் எல்லோருக்கும் போயிருக்கிறது.

செம்புக்கம்பி:
பெயரை வெளியே சொன்னால் எதிர்க்கட்சிக்கு எவனுங்க கொடுப்பான்? ஆளுங்கட்சி மறுநாளே ரெய்டு விடும். ரகசியம் வேண்டும் என்று அப்போதைய நிதி அமைச்சர் அருண் ஜெட்லி சொன்னதும் அந்தப் பயத்தை வைத்துத்தான். தொழில் செய்கிறவனுக்கு அந்தப் பயம் நிஜம்.

ஏட்டுக்கணக்கு:
பயம் நிஜம்தான். ஆனால் பத்திரம் அதற்கு மருந்தாக இருக்கவில்லை. விற்றது ஸ்டேட் வங்கி மட்டும், அதாவது அரசு வங்கி. ஒவ்வொரு பத்திரத்திலும் கண்ணுக்குத் தெரியாத எண் இருந்தது. வங்கியிடம் தகவல் இருந்தது, விசாரணை அமைப்பு கேட்டால் கொடுத்தாக வேண்டும். தெரியாமல் இருந்தது ஓட்டுப்போடுகிறவருக்கு மட்டும். இப்போது பணம், கம்பெனிகளிடம் வாங்கிக் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் தேர்தல் அறக்கட்டளைகள் வழியாகப் போகிறது. பல கம்பெனிகள் ஒரே அறக்கட்டளையில் போட்டுவிட்டால் யார் பணம் யாருக்கு என்று அங்கேயும் பிரித்துப் பார்க்க முடியாது.

நான் கேட்பது எளிது. ஆண்டறிக்கையில் சமூகப் பணிக் கணக்கு வரும் அதே இடத்தில் இரண்டு அட்டவணை வரட்டும். எந்தக் கட்சிக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு என்று ஒன்று. அந்த வருஷம் அரசிடம் காத்திருந்த அனுமதி, ஒப்பந்தம், வழக்கு எவை என்று இன்னொன்று.

செம்புக்கம்பி:
அட்டவணைக்கு நான் எதிரி இல்லை. வரட்டும். ஆனால் ஆலை விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. குஜராத்தில் முந்த்ராவில் அதானி 5 லட்சம் டன் திறனில் செம்பு ஆலை தொடங்கிவிட்டார். நாம் மூடியதால் உலகத்தில் செம்பு உருக்குவது நிற்கவில்லை, இடம்தான் மாறியது. நாளைக்கு இன்னொரு கம்பெனி தமிழ்நாட்டுக்கு வந்தால் எந்த நிபந்தனையில் விடுவீர்கள்? விடவே மாட்டேன் என்றால் பேச்சு முடிந்தது.

கடலோரத்தான்:
விடுவேன். நிலத்தடி நீர் அறிக்கை மாதாமாதம் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும், அதுவும் கம்பெனி காசு கொடுக்காத ஆய்வகத்திலிருந்து. கசடு எங்கே போகும் என்பதை ஆலை ஓடுமுன் காட்ட வேண்டும். அகற்றும் செலவை முன்கூட்டியே வைப்பாகக் கட்ட வேண்டும். இசைவு காலாவதியானால் அன்றைக்கே உலை அணைய வேண்டும்.

அப்புறம், ஜனங்களைக் கேட்க வேண்டும். ஒடிசாவின் நியமகிரி மலையில் இதே வேதாந்தாவின் சுரங்கத் திட்டத்துக்கு 2013-இல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளைக் கேட்கச் சொன்னது. 12 கிராம சபைகள் கூடின, பன்னிரண்டும் வேண்டாம் என்றன, திட்டம் நின்றது. அங்கே அது வன உரிமைச் சட்டத்தால் நடந்தது. காடில்லாத எங்கள் ஊருக்கு அப்படி ஒரு உரிமை சட்டத்தில் இல்லை. அதை முதலில் எழுதச் சொல்லுங்கள்.